இத்தாலியர்களுக்குள் ஏன் இந்த வடக்கு, தெற்குக் கசப்பு?

கேள்வி இது: இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே மதம், உலகக் கோப்பை வந்தால் ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அப்புறம் ஏன் மிலான்காரர் நேப்பிள்ஸ்காரரை இவ்வளவு மட்டமாகப் பேசுகிறார்? சாப்பாடு, பாட்டு என்று எதை எடுத்தாலும் ஏன் சண்டை? இதெல்லாம் இன்னமும் நடக்கிறதா?

நடக்கிறது. ஆனால் வெளியே இருந்து பார்க்கிற நமக்கு ஒன்றாகத் தெரிவது அங்கே இரண்டு வேறு வேறு விஷயங்கள். ஒன்று, பக்கத்து ஊர்க்காரனோடு தலைமுறை தலைமுறையாக நடக்கிற பங்காளிச் சண்டை. அதில் வசவு தாராளமாக உண்டு, பெரிய சேதம் பெரும்பாலும் இல்லை. இன்னொன்று, வடக்கு தெற்கைப் பார்க்கிற பார்வை. அதனால் பலருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் போயிருக்கிறது. மண்டையோட்டை அளந்துபார்த்து 'பிறவிக் குற்றவாளி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது காரியத்தைச் செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் எப்போதும் முதலாவதைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள்: சும்மா கிண்டல்தானே, ஊருக்கு ஊர் பேசிக்கொள்வதுதானே என்று. அந்தச் சாக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்ப்பதுதான் இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் என்று நினைக்கிறேன்.

முதலில் பங்காளிச் சண்டை. கோவில் மணிக்கூண்டின் ஓசை கேட்கிற தூரம்தான் சொந்த ஊர், அதைத் தாண்டினால் அந்நியன் என்கிற மனநிலைக்கு இத்தாலியில் 'காம்பனிலிஸ்மோ' என்று பெயர். வெனெட்டோ பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சொலவடை உண்டு: வெனிஸ்காரர் பெரிய பிரபுக்கள், பதுவாக்காரர் பெரிய பண்டிதர்கள், விச்சென்சாக்காரர் பூனைதின்னிகள், வெரோனாக்காரர் மொத்தமும் பைத்தியங்கள். நான்கு ஊரும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பதுவாவில் 1222 முதல் பல்கலைக்கழகம் இருப்பதால் பண்டிதர் பட்டம் சரி. விச்சென்சாவில் உண்மையிலேயே பூனையைத் தின்றார்களா என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்களே இன்று பட்டத்தைச் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

டஸ்கனிக்குப் போனால் பிசாவும் லிவோர்னோவும். இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்தான். 'வாசலில் பிசாக்காரன் வந்து நிற்பதைவிட வீட்டில் ஒரு எழவு விழுந்தாலும் பரவாயில்லை' என்பது லிவோர்னோக்காரர்கள் சொல்கிற பழமொழி. பிசாக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். 'ஆண்டவன் உன் ஆசையை நிறைவேற்றி வைக்கட்டும்' என்பார். மோடெனா நகரசபைக் கட்டடத்தில் ஒரு பழைய மர வாளி இருக்கிறது. 1325 இல் சப்போலினோ என்ற இடத்தில் போலோன்யாவைத் தோற்கடித்தபோது அங்கிருந்து தூக்கி வந்ததாம். அந்த வாளிக்காகத்தான் போரே நடந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். உண்மையில் ஜெயித்த பிறகு வெற்றிச் சின்னமாக எடுத்து வந்தது அது. ஏழு நூற்றாண்டாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. போலோன்யாவுக்கும் அது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வகை வசவில் ஒரு சமத்துவம் இருக்கிறது. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. திட்டு வாங்கியவன் அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அரசாங்க வேலையோ பதவியோ குறுக்கே வந்துவிட்டால் பங்காளிச் சண்டையும் ரத்தம் பார்த்துவிடும். 1970 இல் பிராந்திய அரசுகள் உருவானபோது தெற்குப் பிராந்தியமான காலாப்ரியாவின் தலைநகரம் கத்தான்சாரோ என்று முடிவானது. அதைவிடப் பெரிய நகரமான ரெஜ்ஜோ காலாப்ரியா ஜூலை மாதம் கொந்தளித்தது. சாலைத் தடுப்புகள், குண்டுகள், உயிர்ப்பலி என்று மாதக்கணக்கில் போய், அடுத்த பிப்ரவரியில் ராணுவக் கவச வாகனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அடங்கியது. கடைசியில் சட்டமன்றம் ரெஜ்ஜோவுக்கு, நிர்வாகம் கத்தான்சாரோவுக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்தார்கள். வேறு பிழைப்பு இல்லாத இடத்தில் தலைநகரம் என்றால் சம்பளம். பெருமைக்கான சண்டை மட்டுமாக அதைப் பார்த்தால் தப்பு.

இனி வடக்கும் தெற்கும். இத்தாலி என்கிற நாடே 1861 மார்ச் 17 அன்றுதான் பிறந்தது. அன்றைக்கு மக்கள்தொகையில் இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பது மொழியியலாளர் துல்லியோ டி மவ்ரோவின் கணக்கு. பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மிலான்காரரும் பலெர்மோக்காரரும் சந்தித்தால் கைஜாடைதான். அவர்கள் பேசியவை இத்தாலியத்தின் கொச்சை வடிவங்கள் அல்ல, லத்தீனிலிருந்து தனித்தனியே வளர்ந்த மொழிகள். பள்ளிக்கூடமும் ராணுவமும் 1954 இல் வந்த தொலைக்காட்சியும் சேர்ந்துதான் ஒரு பொது மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்தன. ஆக, கேள்வியில் இருக்கிற 'ஒரே மொழி' நம் தாத்தா காலத்தில்தான் வந்த சமாச்சாரம்.

நாடு எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் கசப்பின் வேர். 1860 மே மாதம் கரிபால்டி ஆயிரம் பேர் கொண்ட தொண்டர் படையோடு சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார். நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட தெற்கத்திய ராஜ்ஜியம் சில மாதங்களில் சரிந்தது. டூரினில் உட்கார்ந்திருந்த வடக்கத்திய ராஜ்ஜியத்தின் பிரதமர் காவூர் அந்த ஜூலையில் ஒரு கடிதம் எழுதினார். ஆரஞ்சுப் பழங்கள் மேசைக்கு வந்துவிட்டன, சாப்பிட்டுவிட வேண்டியதுதான்; மக்ரோனி இன்னும் வேகவில்லை, பொறுப்போம் என்று அதில் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் சிசிலி, மக்ரோனி என்றால் நேப்பிள்ஸ். சேர்த்துக்கொள்ளப் போகிற மக்களைச் சாப்பாட்டுப் பெயரால் குறிப்பிடும் பழக்கம் அரசாங்கக் கடிதத்திலேயே இருந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு வடக்கின் சட்டம், வடக்கின் வரி, கட்டாய ராணுவ சேவை எல்லாம் தெற்கின் மேல் இறங்கின. விவசாயிகள் எதிர்த்தார்கள், காட்டுக்குள் போனார்கள். அவர்களில் கொள்ளைக்காரரும் உண்டு, பழைய மன்னருக்காகச் சண்டை போட்டவரும் உண்டு, நிலம் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்தவரும் உண்டு. வடக்கு எல்லாரையும் ஒரே சொல்லில் 'கொள்ளையர்' என்று முடித்தது. 1861 ஆகஸ்ட் 14 அன்று பொன்டெலான்டோல்ஃபோ, கசல்டூனி என்ற இரண்டு ஊர்களை ராணுவம் கொளுத்தியது. சில நாள் முன்பு அந்தப் பக்கத்தில் நாற்பது சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கல் அது. எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் மோதிக்கொள்கிறார்கள். 1863 இல் வந்த பிக்கா சட்டம் தெற்கத்திய மாவட்டங்களில் ராணுவ நீதிமன்றங்களை உட்கார வைத்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 'தெற்கு சொர்க்கமாக இருந்தது, வடக்கு வந்து கொள்ளையடித்தது' என்று ஒரு பெரிய கூட்டம் இன்று பிரசாரம் செய்கிறது. இத்தாலியின் முதல் ரயில் 1839 இல் நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சிக்கு ஓடியதே என்பார்கள். ஓடியது உண்மை. ஆனால் 1861 வாக்கில் வடக்கில் தண்டவாளம் வலைபோலப் பரவியிருந்தது, தெற்கில் நேப்பிள்ஸைச் சுற்றிக் கொஞ்சம்தான். தெற்கில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. கொடுமை நடந்தது நிஜம், அதற்காகப் பழைய மன்னராட்சியைப் பொற்காலமாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

கொள்ளையர் என்ற முத்திரைக்கு அறிவியல் சாயம் பூசியவர் செசாரே லொம்ப்ரோசோ. வெரோனாவில் பிறந்து டூரினில் பேராசிரியராக இருந்தவர். காலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழைக் கைதியின் மண்டையோட்டில் ஒரு சின்னக் குழி இருப்பதைக் கண்டு, குற்றம் பிறவியிலேயே வருகிறது என்று ஒரு கோட்பாட்டையே கட்டினார். அந்த மண்டையோடு இன்றைக்கும் டூரினில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லெல்லாவின் ஊரான மோட்டா சாந்தா லுச்சியா, அடக்கம் செய்ய எலும்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டது. 2012 இல் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2017 இல் மேல்முறையீட்டில் அருங்காட்சியகம் ஜெயித்தது. இதில் வேடிக்கை, தெற்கத்தியரைத் தாழ்ந்த இனம் என்று 1898 இல் புத்தகமே எழுதிய அல்ஃப்ரெடோ நிச்செஃபோரோ ஒரு சிசிலிக்காரர். அதே வருஷம் அவரை வரிக்கு வரி மறுத்து எழுதிய நாப்போலியோனே கொலயான்னியும் சிசிலிக்காரர்தான். இந்தச் சரக்கு கடல் கடந்தும் போனது. 1899 முதல் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று இரண்டு தனி இனங்களாகப் பதிவு செய்தார்கள்.

அடுத்த கட்டம் 1950களும் 60களும். வடக்கில் தொழிற்சாலைகள் பெருத்தன, தெற்கில் நிலம் சோறு போடவில்லை. சிசிலியிலிருந்து டூரினுக்கு வரும் ரயிலுக்கு 'சூரிய ரயில்' என்று அழகான பெயர். உள்ளே அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நின்றபடி வந்த குடும்பங்கள். டூரினில் இறங்கினால் வாசல்களில் அறிவிப்பு: தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்குக் கிடையாது. இதைவிட மோசமான தடை காகிதத்தில் இருந்தது. முசோலினி காலத்தில், 1939 இல், கிராமத்து ஆட்கள் நகரத்துக்கு வருவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன்படி வேலை இருந்தால்தான் நகரத்தில் குடியிருப்புப் பதிவு, குடியிருப்புப் பதிவு இருந்தால்தான் வேலைக்குப் பெயர் கொடுக்க முடியும். முசோலினி போய்ப் பல வருஷம் ஆகியும் அந்தச் சட்டம் 1961 வரை உயிரோடு இருந்தது. அதுவரை சொந்த நாட்டுக்குள்ளேயே லட்சக்கணக்கானவர்கள் பதிவில்லாத ஆட்களாக, கிடைத்த கூலிக்கு வேலை செய்தார்கள். மலிவான ஆள் கிடைத்த முதலாளிகளுக்கு இதில் என்ன வருத்தம்?

டூரின்காரர்கள் தெற்கத்தியரை ஏசுவதற்கு முன்னால் யாரை ஏசினார்கள் தெரியுமா? வெனெட்டோக்காரர்களை. இன்று பணக்காரப் பகுதியான வெனெட்டோ அன்று பரம ஏழை. 1951 நவம்பரில் போ நதி உடைத்துக்கொண்டு பொலேசினே பகுதியை மூழ்கடித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் டூரினுக்கும் மிலானுக்கும் பிழைக்கப் போனார்கள். 'பொலென்டோனே', அதாவது பொலென்டா தின்னி என்று வடக்கத்தியரைத் தெற்கத்தியர் ஏசுவதற்குப் பின்னாலும் இந்த ஏழ்மைதான் இருக்கிறது. பொலென்டா என்பது மக்காச்சோள மாவுக் களி. வெனெட்டோவிலும் லொம்பார்தியிலும் மூன்று வேளையும் அதையே தின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வந்து தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தவர்கள் ஏராளம். இன்று அதே களி மலை விடுதிகளில் காளானோடு நல்ல விலைக்குப் போகிறது.

தெற்கத்தியருக்கு வடக்கு வைத்த பெயர் 'டெர்ரோனே'. மண்ணை நோண்டுகிறவன், பட்டிக்காட்டான் என்கிற தொனி. 2005 இல் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே இது இழிவுபடுத்தும் சொல்தான் என்று சொல்லிவிட்டது. தெற்கத்தியர்கள் தங்களுக்குள் இதைச் செல்லமாகச் சொல்லிக்கொள்வார்கள், சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்து நாமும் சொல்லலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வாய் தவறியும் வேண்டாம்.

கால்பந்து மைதானத்தில் இதெல்லாம் எப்படிக் கலந்து வருகிறது என்பதைப் பார்க்க நேப்பிள்ஸ் கதை ஒன்று போதும். 1973 ஆகஸ்ட் கடைசியில் அங்கே காலரா பரவியது. துனீசியாவிலிருந்து வந்த கடல் சிப்பிகள் மேல்தான் சந்தேகம். பாரி, கால்யாரி போன்ற ஊர்களிலும் காலரா இருந்தது. நேப்பிள்ஸ்காரர்கள் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றார்கள், சில வாரங்களில் நோய் அடங்கிவிட்டது. ஆனால் வடக்கத்திய மைதானங்களில் 'காலராக்காரர்கள்' என்ற வசவு அடங்கவே இல்லை. அதோடு, வெசுவியஸ் எரிமலையே, இவர்களை நெருப்பால் கழுவு என்று ஒரு பாட்டு. 1984 செப்டம்பரில் மரடோனா நாப்போலி அணிக்காக ஆடிய முதல் லீக் ஆட்டம் வெரோனாவில். அங்கே தொங்கிய பதாகை: 'இத்தாலிக்கு நல்வரவு.' அவ்வளவுதான். சொந்த நாட்டுக்காரனை வெளிநாட்டான் ஆக்க அது போதும். நேப்பிள்ஸ்காரர்கள் பிற்பாடு சொன்ன பதிலும் பேர் பெற்றது. வெரோனா என்றால் ரோமியோ ஜூலியட் ஊர் அல்லவா, ஜூலியட் நடத்தை கெட்டவள் என்று பதாகை கட்டினார்கள். வெசுவியஸ் பாட்டுக்கு இதைவிடக் கச்சிதமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

1990 உலகக் கோப்பை அரையிறுதி, ஜூலை 3, நேப்பிள்ஸ் மைதானம், இத்தாலியும் அர்ஜென்டினாவும். வருஷம் முழுக்க உங்களை இத்தாலியர்களாகவே மதிக்காதவர்கள் இன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் இத்தாலியனாக இரு என்கிறார்கள் என்று மரடோனா நேப்பிள்ஸ்காரர்களிடம் போட்டு உடைத்தார். நேப்பிள்ஸ் அன்று பெரும்பாலும் இத்தாலிக்கே கை தட்டியது, ஆனால் அவரை ஏசவில்லை. அர்ஜென்டினா பெனால்டியில் ஜெயித்தது. ரோமில் நடந்த இறுதிப்போட்டியில் அர்ஜென்டினாவின் தேசிய கீதத்துக்கே விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். 2013 இல் 'பிராந்தியப் பாகுபாடு' என்று ஒரு விதி கடுமையாக்கப்பட்டு, நேப்பிள்ஸ்காரர்களை ரசிகர்கள் ஏசியதற்காக ஏ.சி. மிலான் அணியின் மைதானத்தில் ரசிகர் பகுதியை மூடித் தண்டித்தார்கள். அப்போது நாப்போலி ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மைதானத்தில் தாங்களே 'காலரா' பாட்டைப் பாடி, இப்போது எங்கள் பகுதியையும் மூடுங்கள் பார்க்கலாம் என்று பதாகை பிடித்தார்கள். அந்த விதியை அவர்கள் எந்த லட்சணத்தில் மதித்தார்கள் என்பது தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பங்காளிச் சண்டையில் சிரித்துவிட்டுப் போகலாம், 'எரிமலையில் வெந்து சாவு' என்பது அந்த வகையில் சேராது.

சரி, சாப்பாடு. வடக்கில் வெண்ணெய், அரிசி, களி, முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தா. தெற்கில் ஆலிவ் எண்ணெய், கெட்டிக் கோதுமையில் செய்து காயவைத்த பாஸ்தா, தக்காளி. நேப்பிள்ஸ்காரர்களுக்கு மக்ரோனிதின்னி என்ற பெயர் வருவதற்கு முன்னால் இலைதின்னி என்று பெயர். அவ்வளவு கீரை தின்றார்களாம். டஸ்கனிக்காரர் பீன்ஸ்தின்னி, ரொட்டியில் உப்புப் போடாததற்கும் சேர்த்துக் கிண்டல் வாங்குகிறவர். 1891 இல் பெல்லெக்ரினோ அர்துசி வெளியிட்ட சமையல் புத்தகம்தான் 'இத்தாலியச் சமையல்' என்ற ஒன்றை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. அதிலும் அவருடைய சொந்தப் பகுதியும் டஸ்கனியும்தான் நிறைய, தெற்குக்கு ஓரமாக ஒரு இடம்.

இதில் பாதிச் சண்டை ரசிக்கத் தக்கது. போலோன்யாக்காரர்கள் 1972 இல் தாலியதெல்லே நாடா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று வர்த்தக சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்தார்கள். சிசிலியில் அரிசி உருண்டையைப் பொரித்தால் பலெர்மோவில் அதன் பெயர் பெண்பால், உருண்டை வடிவம். கத்தானியாவில் ஆண்பால், பெரும்பாலும் கூம்பு வடிவம். 2015 இல் பேர் பெற்ற வடக்கத்திய சமையல்காரர் கார்லோ கிராக்கோ, அமத்ரிச்சானா குழம்பில் தானும் ஒரு பல் பூண்டு போடுவதாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். குழம்புக்குப் பெயர் கொடுத்த அமத்ரிசே ஊரின் நகராட்சி அதிகாரபூர்வமாகவே மறுப்பு அறிக்கை விட்டது. இத்தனைக்கும் ரோம் தன்னுடையது என்று கொண்டாடுகிற அந்தக் குழம்பின் ஊர் 1927 வரை அப்ரூட்சோ என்ற வேறு பிராந்தியத்தில் இருந்தது.

ஆனால் சாப்பாட்டை வைத்தே ஆளை விலக்குவதும் நடக்கிறது. 2019 அக்டோபரில் போலோன்யாவில் ஊர்த் திருவிழாவுக்கு வழக்கமான பன்றி இறைச்சித் தொர்தெல்லினியோடு (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா) கோழி வைத்ததையும் கொஞ்சம் செய்யலாம், எல்லாரும் சாப்பிடட்டும் என்று ஒரு யோசனை வந்தது. மறைமாவட்டத் தரப்பும் அதைத் தவறாகப் பார்க்கவில்லை. லேகா கட்சித் தலைவர் மத்தேயோ சால்வினி உடனே, நம் பண்பாட்டை அழிக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். அகலம் 8 மில்லிமீட்டரா என்கிற சண்டை எப்போது 'யார் நம் ஆள்' என்ற சண்டையாக மாறுகிறது என்று கவனித்தால் போதும்.

வடக்கில் வேலை பார்க்கும், படிக்கும் தெற்கத்தியப் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பார்சல் வரும். 'கீழேயிருந்து வருகிற பொட்டலம்' என்பார்கள். எங்கள் அடுக்ககத்தில் புல்யாவைச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். விடியற்காலையில் தொலைதூரப் பேருந்து நிற்கிற இடத்துக்குப் போய், அம்மா ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய பெட்டியை வாங்கி வருவான். உள்ளே ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டப்பா, பீர் பாட்டிலில் அடைத்த தக்காளிச் சாறு, சுண்டிய சுருக்குப்பை மாதிரியான பாலாடைக்கட்டி, வளைய வளையமான மொறுமொறு ரொட்டி. மிலானில் கிடைக்காததா என்று வீட்டுச் சொந்தக்காரர் சிரிப்பார். அந்த எண்ணெயில் அவருக்கும் ஒரு பாட்டில் போகும், சிரிப்பு நின்றுவிடும்.

பாட்டு விஷயத்தில் 2024 சான்ரெமோ இசை விழாவைப் பார்க்கலாம். நேப்பிள்ஸின் செகொந்தில்யானோ பகுதியிலிருந்து வந்த இளம் ராப் பாடகர் ஜியோலியர் நேப்பிள்ஸ் மொழியிலேயே பாடினார். நான்காம் நாள் இரவு அவர் முதலிடம் வந்ததாக அறிவித்ததும் அரங்கில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், சிலர் எழுந்து போனார்கள். இறுதி இரவில் பொதுமக்கள் வாக்கில் அறுபது சதவீதம் அளவுக்கு அவருக்கு. பத்திரிகை நடுவர்களும் வானொலி நடுவர்களும் கொடுத்த மதிப்பெண்ணால் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வாக்குப் போட்டார்கள் என்றார்கள் சிலர், தெற்கு என்றால் இளக்காரம் என்றார்கள் சிலர். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. விழாவுக்கு முன்பே அவரைக் குறை சொன்னவர்களில் நேப்பிள்ஸ் எழுத்தாளர்களும் இருந்தார்கள். எங்கள் மொழிக்கு இலக்கியம் இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, நீ உயிரெழுத்தையெல்லாம் விழுங்கி எழுதுகிறாயே என்பது அவர்கள் குறை. குன்றின் மேல் வீடுகளில் இருக்கிற படித்த நேப்பிள்ஸுக்குப் புறநகர் நேப்பிள்ஸின் ரசனை எப்போதுமே கூச்சம். மிலான் நேப்பிள்ஸைப் பார்ப்பதுபோலவே இந்தப் படித்த நேப்பிள்ஸ் தன் புறநகரைப் பார்க்கிறது.

பார்வை தலைகீழாவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் கொரோனா முதலில் லொம்பார்தியிலும் வெனெட்டோவிலும் வெடித்தபோது, நேப்பிள்ஸுக்கு எதிரே இருக்கிற இஸ்கியா தீவின் மேயர்கள் அந்த இரண்டு பகுதிக்காரர்களும் தீவில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மாவட்ட அதிகாரி அதை உடனே ரத்து செய்தார். நோயைக் கொண்டுவருகிறவன் வடக்கத்தியன் என்று ஆனது, காலரா வசவை ஐம்பது வருஷமாகக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஏப்ரலிலேயே வடக்கத்தியப் பத்திரிகையாளர் வித்தோரியோ ஃபெல்த்ரி, தெற்கத்தியர் பல விஷயங்களில் தாழ்ந்தவர்கள்தான் என்று தொலைக்காட்சியில் சொன்னார். தெற்கில் பல கடைக்காரர்கள் அவர் பத்திரிகையை விற்க மறுத்தார்கள்.

அரசியல் கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். உம்பெர்த்தோ போசி கட்டிய வடக்கு லீக் (இன்றைய லேகா கட்சி) 1990களில் 'திருட்டு ரோம்' என்று முழங்கி வளர்ந்தது. எங்கள் வரிப்பணம் தெற்குக்குப் போகிறது என்பதுதான் சாரம். 1996 செப்டம்பரில் வெனிஸில் 'பதானியா' என்ற தனிநாட்டையே அறிவித்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. இதே சால்வினி 2009 இல் நேப்பிள்ஸ்காரர்கள் நாறுகிறார்கள் என்ற மைதானப் பாட்டைப் பாடும் காணொளி வெளிவந்தது. 2018 தேர்தலில் கட்சிப் பெயரிலிருந்து 'வடக்கு' என்பதை எடுத்துவிட்டு அவரே தெற்கில் வாக்குக் கேட்டார், கிடைத்தது. திட்டுவதற்கு அதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கிடைத்துவிட்டார்கள். மிலான் பேச்சுவழக்கில் தெற்கத்தியரையே ஒரு காலத்தில் 'மொராக்கோக்காரன்' என்றுதான் ஏசினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று வாசலில் அறிவிப்புப் பலகை இல்லை. வடக்கில் பல குடும்பங்களில் ஒரு தெற்கத்தியப் பாட்டியாவது இருப்பார். ஆனால் பணக் கணக்கு அப்படியே இருக்கிறது. தெற்கில் தலைக்கு வருமானம் வடக்கின் பாதியைச் சற்றே தாண்டுகிறது. காலாப்ரியாவில் உடம்பு கொஞ்சம் பெரிதாக முடியாமல் போனால் லொம்பார்தி மருத்துவமனைக்கு டிக்கெட் எடுக்கிறார்கள், அந்தச் செலவைக் காலாப்ரியா அரசுதான் லொம்பார்திக்குக் கட்ட வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு 2022 இல் கியூபாவிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். இந்த நிலையில்தான் லொம்பார்தியும் வெனெட்டோவும் 2017 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தி, கூடுதல் அதிகாரம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டன. அதற்கான சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. பணக்காரர்கள் தங்கள் பங்கைத் தனியே எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாடு இது என்று தெற்கு எதிர்த்தது. அந்த நவம்பரிலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தின் முக்கியமான பல பிரிவுகளைச் செல்லாது என்றது. மிச்சத்தையும் தூக்கிவிட ஒரு பொது வாக்கெடுப்பு கேட்டார்கள், 2025 ஜனவரியில் அதற்கு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம், எந்தச் சேவை எல்லாருக்கும் குறைந்தபட்சம் உறுதி என்கிற பேரம் ரோமில் இன்னும் முடியவில்லை. ஜூலியட் பதாகையைவிட அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.